முழுசா வாசிங்க அத்தான்

மடியிலேயே இருக்கட்டும் அண்ணாச்சி. மேல வைக்கப்பிடாது. கண்டக்டரும் அதத்தான் சொன்னாரு, மேல தூக்கிப் போடும், இல்லன்னா டிரைவர் பக்கத்துல வையும்னு. லக்கேஜ் டிக்கெட் எடுத்தாச்சு, இனி எம் மடி எம் இஷ்டம்னுட்டேன். உங்க முட்டியில இடிச்சா சொல்லுங்க, இந்தப் பக்கம் திருப்பிக்கிடுதேன். பெட்சீட்டு சுத்தியிருக்கதப் பாத்து பிள்ளையாக்கும்னு நினைச்சியளோ. கம்ப்யூட்டர். டி.வி. மாதிரி இருக்குமே, அது இல்ல, அது வீட்டுல இருக்கு. இது கீழ வச்சிருப்பாங்கள்லா பெட்டி, அது. நாகர்கோவிலுக்குக் கொண்டு போறேன்.

பாளையங்கோட்டையில இதப் பாக்க ஆளு இல்லையாக்கும்னு கேப்பிய. இருக்கு. மார்க்கெட் பக்கம் ரெண்டு கடை இருக்கு. ஆனா இதுல ஓடுதது எல்லார் வீட்டுலயும் இருக்க விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்னு வேற ஒண்ணு. கடைக்காரன் ஒரு நிமிசம் பாத்துட்டு, எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தாரேங்கான். நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டேன். அழிக்கதுக்கு உங்கிட்ட எதுக்குய்யா வாரேன், அத நானே செஞ்சுருவேன்லான்னேன். செஞ்சும் இருக்கேன் பாத்துக்கிடுங்க. அதுக்கு வாரேன்.

என் வீட்டுக்காரிக்கு கண்ணு தெரியாது. ஞானசெல்வின்னு பேரு, நான் செல்வின்னு கூப்பிடுவேன். நாலு வயசுல மூளைக்காய்ச்சல் வந்து பார்வை போயிட்டு. ஒரு ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆப்பரேட்டரா இருந்தா, பதினாறு வருசம். எந்த வார்டுக்கு என்ன நம்பர், எந்த டாக்டர் எத்தன மணிக்கு வருவாரு, எல்லாம் மனப்பாடம். பெறவு அந்த டெலிபோன் போர்டையே எடுத்துட்டு, தானா லைன் குடுக்க மிஷினை வச்சாங்க. இவளுக்கு மாலை போட்டு அனுப்பிட்டாங்க. வீட்டுல வந்து உக்காந்தா. நான் சொன்னேன், உனக்கென்னட்டி குறை, நான் இருக்கேம்லா, பேசாம இருன்னு. அவளும் ஒரு வருசம் பேசாமத்தான் இருந்தா.

அப்பதான் கிறிஸ்துதாஸ்னு ஒரு சார் பழக்கமானாரு. நாகர்கோவில்காரரு, இப்ப அவருட்டதான் போறேன். அவருக்கும் பார்வை கிடையாது. பார்வை இல்லாதவங்களுக்குன்னு ஏதோ முகாம் நடந்துச்சு, அங்க வந்து பேசுனாரு. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு குரல் இருக்கு, திரையில என்ன இருந்தாலும் வாசிச்சுச் சொல்லும், லினக்ஸ்ல அது எல்லாருக்கும் பொதுவா கிடைக்கு, யாரும் எடுத்துப் போட்டுக்கிடலாம்னு. இவ பிடிச்சுக்கிட்டா. ஆறு மாசம் போன்லயே பாடம். அவரு அங்கருந்து சொல்ல, இவ இங்க தட்ட. நம்ம மாதிரி மவுசு, அந்த எலியப் பிடிச்சு அமுக்குத வேலையெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில எழுத்துலதான் கட்டளை குடுப்பா. இது வேணும், அது வேண்டாம், இத இப்படி வைன்னு. மிஷினும் கேட்டுக்கிடும்.

அந்தக் குரலு இருக்கே, அது ஆறு வருசமா அவ செதுக்குனது. எவ்வளவு வேகம், எங்க நிறுத்தணும், தமிழ் வந்தா எந்தக் குரல்ல வாசிக்கணும், எல்லாத்தையும் ஒரு பைல்ல எழுதி வச்சிருந்தா. திருநெல்வேலிய ஒழுங்கா திருநெல்வேலின்னு சொல்ல வைக்கவே ஒரு வாரம் ஆச்சு. அது வாசிக்க வேகத்துல நமக்கு ஒரு எழவும் விளங்காது, பட்டாணி பொரியுத மாதிரி இருக்கும். அவளுக்கு அது தண்ணி பட்ட பாடு. காதுல மாட்டிட்டு அவ பாட்டுக்கு பேப்பரு, புஸ்தகம், பைபிளு எல்லாம் கேப்பா.

அதுக்கு முன்னால யாரு வாசிச்சான்னு நினைக்கிய? நான்தான். கல்யாணம் ஆன நாள்லருந்து. ஆபீஸ் விட்டு வந்து காப்பி குடிச்சதும் பேப்பர எடுத்துட்டு உக்காருவேன், அவ பக்கத்துல கீரை ஆய்ஞ்சுட்டே கேப்பா. லெட்டரு, கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை, ரேஷன் கடை போர்டு, எல்லாம் நான் வாசிக்கதுதான். எங்க சபையில எல்லாரும் சொல்லுவாங்க, நம்ம ஆசீர்வாதத்தோட கண்ணு அவருக்கு ஒண்ணு, அவரு வீட்டுக்காரிக்கு ஒண்ணுன்னு. ஆசீர்வாதம் எம் பேரு. மிஷின் வந்த பெறவு என்னைய யாரு கேக்கா. பேப்பர எடுத்தா, காலையிலயே கேட்டுட்டேன் அத்தான்னுருவா. சரின்னு மடிச்சு வச்சிருவேன்.

நானும் சும்மா வாசிக்கவன் இல்ல அண்ணாச்சி. எனக்கு அதான் தொழிலு. ஒரு அரசாங்க ஆபீஸ்ல தபால் செக்‌ஷன். வார மனுவையெல்லாம் வாசிச்சு பதிவேட்டுல ஏத்தணும். ஒருத்தன் நாலு பக்கம் எழுதியிருப்பான். பாட்டன் பூட்டன் காலத்துலருந்து ஆரம்பிச்சு, பங்காளி வெட்டுனது குத்துனது, பொண்டாட்டிக்கு சுகமில்லாதது, எல்லாம் இருக்கும். அதிகாரிக்கு அதெல்லாம் எதுக்கு? நான் ஒரே வரியில எழுதிருவேன். பொருள்: பட்டா கோருதல். அம்புட்டுதான். எங்க சூப்பிரண்டு சொல்லுவாரு, ஆசீர்வாதம் மாதிரி சாறு பிழிய ஆளு கிடையாதுன்னு. வீட்டுலயும் அப்படித்தான் வாசிப்பேன். தேவையில்லாததையும் மனசு கஷ்டப்படுததையும் எதுக்கு வாசிக்கணும். தேவையானத மட்டும் சொல்லிருவேன். "முழுசா வாசிங்க அத்தான்"னு அவ சொல்லுவா. முழுசாத்தான் வாசிச்சேம்பேன்.

சரி, கதைக்கு வாரேன். பெங்களூர்ல ஒரு கம்பெனி. இந்த வெப்சைட்டெல்லாம் பார்வை இல்லாதவங்க பயன்படுத்த முடியுதான்னு பாத்துச் சொல்லுத வேலை. வீட்டுலருந்தே பாக்கலாமாம். கிறிஸ்துதாஸ் சார் சொல்லி இவ எழுதிப் போட்டா. போன்ல ரெண்டு தடவை பேசுனாங்க. பிடிச்சுப் போச்சு. இனி ஒரே ஒரு பரீட்சைதான். வார திங்கக்கிழமை, காலையில பத்து மணிக்கு, நாலு மணி நேரம், அவ மிஷின்லயே. அதுல தேறிட்டா வேலை. நாப்பத்தஞ்சு வயசுல. அவ முகத்தப் பாக்கணுமே நீங்க. பதினாறு வருசம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனப்பகூட அப்படி நான் பாத்ததில்ல. எனக்கும் சந்தோசந்தான், இல்லன்னா சொல்லுதேன்? என்ன அவசரம், இப்ப எதுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது.

அந்தக் கம்பெனிக்காரன் ஒரு மெயில் போட்டான். இன்டர்நெட் பாக்க பிரவுசர் புதுசா இருக்கணும், உங்களது பழசுன்னு. அந்தப் புதுசு இந்தப் பழைய லினக்ஸ்ல ஏறாதாம். அப்ப அடியிலருந்து எல்லாத்தையும் புதுசாக்கணும். இதுல எல்லாம் பொட்டலம் பொட்டலமாத்தான் வரும் பாத்துக்கிடுங்க. குரலுக்கு ஒரு பொட்டலம், எழுத்துக்கு ஒண்ணு, சத்தத்துக்கு ஒண்ணு. ஆயிரத்து நானூறு பொட்டலம் மாத்தணும்னு மிஷினே சொல்லிச்சாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கிட்ட கேட்டா, "நாளைக்கு கரண்ட் கட்டுன்னு பேப்பர்ல ஏதும் போட்டிருக்கானா பாருங்க அத்தான்." பாத்தேன். இல்லன்னேன். அந்தப் பத்தியில ஊர் பேரா ஒரு முழத்துக்கு இருக்கும், யாரு உக்காந்து பாக்கது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு கரண்ட் போயிட்டு. பராமரிப்பாம். பாதிப் பொட்டலம் பிரிச்சும் பிரிக்காமலும் கிடக்கு. யூ.பி.எஸ். பேட்டரி செத்து ரெண்டு வருசம் ஆச்சு. கரண்ட் வந்ததும் ஆபீஸுக்கு போன் பண்ணி, "அத்தான், கொஞ்சம் வாங்களேன்"னா. ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுட்டு ஓடுனேன். நான் போயி மிஷினைப் போட்டா, கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, குரல் இல்ல. அவ ரெண்டு கையையும் மேசையில வச்சிட்டு உக்காந்திருக்கா. என்ன எழுதியிருக்குன்னு கேக்கா.

இப்ப எப்படி இருக்கு பாருங்க. அவளுக்கு எல்லாம் தெரியும், பாக்க முடியாது. எனக்குப் பாக்க முடியும், ஒண்ணும் தெரியாது. அவ ஒவ்வொரு எழுத்தா சொல்லுதா, நான் ஒவ்வொண்ணா தேடித் தேடி அடிக்கேன். முதல்ல சுடோன்னு ஒண்ணு போடணும். அது மேலதிகாரி கையெழுத்து மாதிரி, அது இல்லாம எந்தக் கட்டளையும் செல்லாது. பாஸ்வேர்டு கேட்டுச்சு. சொல்லுட்டின்னேன். "நீங்க கைய எடுங்க, நான் அடிக்கேன்"ங்கா. இருபத்தியொரு வருசம் குடும்பம் நடத்துனவன் அண்ணாச்சி. சரின்னு கைய எடுத்தேன். அவ அடிச்சா, திரையில ஒரு புள்ளிகூட விழல. கீபோர்டும் போயிட்டு போலன்னேன். அது அப்படித்தான் காட்டாதாம்.

பாதியில நின்ன பொட்டலத்தையெல்லாம் பிரிச்சு முடின்னு ஒரு கட்டளை. அதப் போட்டதும் வரி வரியா ஓடுச்சு. சந்தோசமா இருந்துச்சு. எனக்கே ஏதோ சாதிச்ச மாதிரி. அவ கேக்கா, "ஓடுதா அத்தான்?" ஓடுதுட்டின்னேன். ஓடி ஓடி, ஒரு இடத்துல நின்னுட்டு.

நின்னு ஒரு கேள்வி கேட்டுது. பன்னிரண்டு வரி இங்கிலீஷ்ல. நமக்கு இங்கிலீஷ் தெரியாம இல்ல. வாசிச்சேன். இன்ன பைல நீங்க உங்க கையால மாத்தியிருக்கிய, இப்ப இந்தப் பொட்டலத்தோட புது பைல் ஒண்ணு வந்திருக்கு, புதுசப் போடவா, உங்களோடதையே வச்சுக்கிடவா, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு காட்டவா. இந்த எழுத்து அமுக்குனா இது, அந்த எழுத்து அமுக்குனா அதுன்னு. பொருள் என்ன? பழைய பைல், புது பைல். எங்க ஆபீஸ்ல புது ஜி.ஓ., அதான் அரசாணை, வந்தா பழைய ஜி.ஓ. ரத்து. அதுல கேக்கதுக்கு ஒண்ணும் கிடையாது. நான் புதுசப் போடுன்னு எழுத்த அமுக்கிட்டேன்.

அவ கேட்டா அண்ணாச்சி. அமுக்கதுக்கு முன்னாலயே கேட்டா. பெட்டிக்குள்ள கறகறன்னு ஓடுத சத்தம் நின்னுட்டுல்லா, அவ காது சும்மா இருக்குமா. "நின்னுட்டா அத்தான்? ஏதும் கேக்குதா?" நான் சொன்னேன், ஒண்ணும் கேக்கல, ஓடிட்டுதான் இருக்குன்னு.

எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல. கேக்குதுன்னா பன்னிரண்டு வரியையும் எழுத்து எழுத்தா வாசிக்கச் சொல்லுவா. பெர்மிஷன் முடியப் போகுது. அதுவும் போக, புதுசா பழசான்னு ஒரு சின்னக் கேள்வி, இதுக்குப் போயி அவள எதுக்கு இழுக்கணும். இருபத்தியொரு வருசமா இப்படி ஆயிரம் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கேன், ஒண்ணுலயாவது வீடு இடிஞ்சிருக்கா?

முடிஞ்சுது. மிஷின ஆப் பண்ணிப் போட்டோம். திரை வந்துச்சு, படம் வந்துச்சு, எல்லாம் பளபளன்னு புதுசா. குரல் வரல.

அன்னைக்கு ஆரம்பிச்சது. முதல்ல ஸ்பீக்கரோன்னு பாத்தா. ஏதோ ஒரு கட்டளை குடுத்தா, ஸ்பீக்கர்லருந்து ஷ்ஷ்ஷுன்னு மழை பெய்யுத சத்தம் வந்துச்சு. அப்ப ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. சத்தத்த யாரோ அடைச்சு வச்சிருக்காங்களான்னு பாக்கச் சொன்னா. கோடு கோடா நிக்குது, இது எத்தன, அது எத்தனன்னு நான் சொல்ல, ஏத்தச் சொல்லி ஏத்துனோம். மழைதான் இன்னும் பலமாப் பெஞ்சுது. செல்போன்ல திரையப் படம் பிடிச்சு, அத போனை விட்டே வாசிக்க வைக்கலாம்னும் பாத்தா. டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில அடிச்சு, அது ஏதோ உளறுச்சு. வியாழக்கிழமை குரல் பொட்டலத்த எடுத்துட்டு மறுபடி போடுங்கன்னா. மூணு தடவை எடுத்து மூணு தடவை போட்டோம். நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டேன்.

அடியோட எடுக்கதுக்குன்னு வேற ஒரு கட்டளை இருக்காம். சொந்தமா எழுதி வச்ச பைல் உட்பட எல்லாத்தையும் துடைச்சிருமாம். அதப் போட்டுப் பாப்போமேன்னேன். பதறிட்டா. "அது மட்டும் வேண்டாம் அத்தான், ஆறு வருசமா எழுதுனது போயிரும்"னா. சரி, வேண்டாம்னுட்டேன். அவ எத காப்பாத்திட்டு இருக்கான்னு எனக்குத்தான் தெரியுமே.

ஒரு தடவை அந்த பைலையே திறக்கச் சொன்னா. நானூறு வரி இருக்கும். தமிழ்க்குரல்னு ஒரு வரி இருக்கான்னு கேட்டா. தேடிப் பாத்தேன், அது மாதிரி ஒண்ணு இருந்துச்சு. இருக்குன்னேன். முன்னால ஏதும் குறி இருக்கான்னு அவ கேக்கல, நானும் சொல்லல. குறுக்கயும் நெடுக்கயும் ரெண்டு ரெண்டு கோடு போட்டு, பிள்ளைங்க விளையாடக் கட்டம் கிழிச்ச மாதிரி ஒரு குறி எல்லா வரிக்கும் முன்னால இருந்துச்சு. அழகுக்குப் போட்டிருக்கான்னு நினைச்சேன். பெறவு நான் கடைக்காரன்ட்ட கேட்டதுக்கு, அந்தக் குறி இருந்தா மிஷின் அந்த வரிய வாசிக்காம தாண்டிப் போயிருமாம்.

வெள்ளிக்கிழமை அவ சாப்பிடல. "நான்தான் எங்கயோ ஏதோ ஒண்ண மறந்திருக்கேன். எனக்கு இந்த வேலைக்கெல்லாம் தகுதி இல்ல போல. பரீட்சையில இத விடக் கஷ்டமா வருமே"ங்கா. ஆஸ்பத்திரியில அனுப்புன அன்னைக்குக்கூட அவ இப்படிப் பேசல. சொல்லிருவோம்னு வாயத் திறந்தேன். அந்த நேரம் பாத்து அவ என் கையப் பிடிச்சா. "மூணு நாளா எனக்காக பெர்மிஷனும் லீவும் போட்டு வாசிக்கிய. நீங்க இல்லன்னா நான் என்ன செய்வேன் அத்தான்"னா. அதுக்குப் பெறவு நான் எப்படிச் சொல்ல, நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்காதிய. இந்த மூணு நாளும் காலையில எந்திரிச்சதுலருந்து அத்தான், இங்க வாங்க, அத்தான், இது என்னன்னு பாருங்கன்னுதான். பேப்பரகூட நேத்து என்னைய வாசிக்கச் சொன்னா. கீரைக்கட்டோட வந்து பக்கத்துல உக்காந்தா. ஆறு வருசம் ஆச்சு அப்படி உக்காந்து. மிஷின் சரியாகணும்னுதான் நானும் செபம் பண்ணுதேன். ஆனா பேப்பர் வாசிக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு.

கிறிஸ்துதாஸ் சார்தான் நேத்து ராத்திரி போன்ல சொன்னாரு, பெட்டியக் கொண்டு வாங்க, உள்ள இருக்க டிஸ்க்கக் கழத்தி என் மிஷின்ல மாட்டிக் கேட்டுப் பாக்கேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள குடுத்துருதேன்னு. செல்வியும் வாரேன்னுதான் நின்னா. நான் சொன்னாத்தானே அவருக்குப் புரியும்னா. நீ எதுக்குட்டி இந்த வெயில்ல, நடந்தத நான் சொல்லிக்கிடுதேன்னு விட்டுட்டு வந்துட்டேன். நடந்தத எப்படிச் சொல்லன்னுதான் வள்ளியூர்லருந்து யோசிச்சிட்டு வாரேன். அந்தாளுக்கும் கண்ணு தெரியாது, அதனால அவரு மிஷின் ஒரு வரி விடாம வாசிக்கும். ஒரு புள்ளி, ஒரு குறி விடாது. என்னைய மாதிரி ஒரு ஆளு நடுவுல இருந்தா பரவாயில்ல. சொல்லிரவா, விட்டுரவா அண்ணாச்சி? நீங்க பெரியவங்க, நாலு எடம் பாத்தவங்க. தெரியாத மாதிரி நின்னுட்டா அவரா கண்டுபிடிச்சுச் சரி பண்ணிர மாட்டாரா?

இருங்க, போன் அடிக்கு. அவதான்.

சொல்லுட்டி. ஆமா, ஆரல்வாய்மொழி வந்துட்டு, கரண்ட் எடுக்க காத்தாடியெல்லாம் தெரியுது. சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? ... யாரு, கிறிஸ்துதாஸ் சாரா? என்ன கேட்டாரு? ... ம். ... ம். ... எதுல எழுதி வச்சிருக்கும்? ... அதுவாவே எழுதுமா? தேதி, நேரம் எல்லாமா? ... ம். ... செல்வி, பஸ்ஸுக்குள்ள இரைச்சலா இருக்கு, எறங்கிட்டுப் பேசட்டுமா? ... இல்ல, கேக்குது. கேக்குது.

ஆமா. கேட்டுச்சு.

புதுசப் போடுன்னு அமுக்குனேன்.

அன்னைக்கேதான். புதன்கிழமை. ... ம். ... பத்து நிமிசமா? பழசு பக்கத்துலயே இருக்குமா? ... எனக்கு எப்படிட்டி தெரியும். ... செல்வி? ... இருக்கியா? ... ஹலோ?

எது? ... எந்த லெட்டர்? ... இரு. ஒரு நிமிசம் இரு செல்வி, கண்டக்டர் ஏதோ கேக்காரு. வச்சிராத.

கண்டக்டர் ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. இந்தப் பெட்டிய ஒரு பக்கமாப் பிடிச்சுக்கிடுங்க. வாய்ப் பக்கத்த உள்ளங்கையால பொத்திட்டேன், கேக்காது. விசயம் என்னன்னா, மிஷின் எல்லாத்தையும் ஒரு நோட்டு மாதிரி எழுதி வச்சிருமாம். எந்த பைலப் பத்திக் கேட்டுது, என்ன பதில் வந்துச்சுன்னு. கிறிஸ்துதாஸ் சார் சொல்லியிருக்காரு. அவரு அந்த நோட்டக் கேட்டுச் சொல்லுததுக்கு முன்னால நீங்களே சொல்லிருங்க அத்தான், மிஷின் ஏதும் கேள்வி கேட்டுச்சான்னு கேட்டா. சொல்லிட்டேன். நீங்களும் கேட்டுட்டுத்தானே இருந்திய. அவ எழுதுன பழைய பைல மிஷின் தூரப் போடலியாம், பேர மாத்தி அங்கேயே பத்திரமா வச்சிருக்குமாம். புதன்கிழமையே தெரிஞ்சிருந்தா வீட்டுலயே பத்து நிமிச வேலையாம்.

அவ ஏசியிருந்தாகூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். ஏசல. பெறவு கேக்கா, "அத்தான், மூணாறுலருந்து எங்கப்பா கடைசியாப் போட்டாங்கள்லா ஒரு இன்லேண்டு லெட்டர், அதுல வேற ஏதும் எழுதியிருந்தாங்களா?"

இருந்துச்சு அண்ணாச்சி.

கல்யாணம் ஆகி எட்டு மாசம். அவங்கப்பா மூணாறுல ஒரு எஸ்டேட்ல கங்காணியா இருந்து, ரிட்டையர்டு ஆகி, அங்கேயே மகன் வீட்டுல இருந்தாரு. அப்ப அங்க போனெல்லாம் கிடையாது, லெட்டர்தான். இன்லேண்டு நிறைய, மடிப்புலயும் ஓரத்துலயும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தாரு. எனக்கு இப்பவும் வரி வரியா ஞாபகம் இருக்கு. செல்வி, எனக்கு ரொம்ப முடியலம்மா. டாக்டரு நாள் சொல்ல மாட்டேங்காரு. ஒரு தடவை வந்து எங்கூட உக்காந்து பேசிட்டுப் போ. எனக்கு உன் சத்தத்தக் கேக்கணும் போல இருக்கு. மாப்பிள்ளைக்கு லீவு இல்லன்னா, அண்ணன அனுப்புதேன், அவன்கூட வந்துருன்னு.

நான் வாசிச்சது என்ன? அப்பா சுகமா இருக்காங்க, உன்னையும் என்னையும் சந்தோசமா இருக்கச் சொல்லியிருக்காங்க. அம்புட்டுதான். அவ கேட்டா, இவ்வளவு பெரிய லெட்டர்ல இவ்வளவுதானான்னு. எழுத்து பெருசு பெருசா இருக்குட்டின்னேன். எனக்கு அப்ப வேலை நிரந்தரம் ஆகல, லீவு கேக்க முடியாது. மலைப் பாதையில அவள வேற ஆளோட எப்படி அனுப்ப? முழுசா வாசிச்சா இங்க இருந்து அழுதுட்டே இருப்பா. அடுத்த மாசம் நானே கூட்டிட்டுப் போயிருவோம்னு நினைச்சேன். நல்லதுக்குத்தானே நினைச்சேன். மூணாவது வாரம் தந்தி வந்துட்டு. அவங்க அண்ணன் இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல, கூப்பிட்டும் வரலன்னு கோவம். எதுக்கு அண்ணனுக்குக் கோவம்னு அவளுக்கு இன்னும் தெரியாது. லெட்டர அவதான் வச்சிருக்கா, பீரோவுல, சேலைக்கு அடியில. எடுத்து விரலால தடவிட்டு வச்சிருவா.

இப்ப நான் என்ன சொல்லணும்? இல்லன்னு சொல்லலாம், அவளுக்கு வாசிக்கவா முடியும். ஆனா அத எடுத்துட்டுப் போயி யார்ட்டயாவது காட்டிட்டான்னா? திங்கக்கிழமை பரீட்சை வேற இருக்கு, இந்த நேரத்துல மனச உடைக்கவும் கூடாது. அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சுகமில்லன்னு எழுதியிருந்தாரு, உன்னைய ரொம்ப விசாரிச்சிருந்தாருன்னு சுருக்கமாச் சொல்லிருதேன். அது பொய்யும் இல்லல்லா? மிச்சத்த பரீட்சை முடிஞ்சு, நல்ல நேரம் பாத்து, பைய சொல்லிக்கிடலாம். என்ன சொல்லுதிய?

சரி, கைய எடுக்கேன், பெட்டியப் பிடிச்சதுல ஏற்கனவே விலகித்தான் இருக்கு. ரொம்ப நேரமா காத்துட்டு இருக்கா.

ஹலோ. செல்வி, கேக்குதாட்டி? இப்ப கேக்குதா? அது வந்து, அப்பா என்ன எழுதியிருந்தாங்கன்னா... ஏட்டி? ... செல்வி?

அழுதுட்டு இருக்கா அண்ணாச்சி. நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே.